கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க!

சில ஆங்கிலச் சொற்கள் நம் நாட்டுக்கு விருந்தாளிகளாக வந்து, வீட்டுப் பிள்ளைகளாகவே ஆகிவிட்டன. அவற்றுள் ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல்லைப் போலச் செல்லமாக வளர்ந்த சொல் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான். பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத கிழவிக்கும் அதன் பொருள் தெரியும். நானும் வெகு காலமாக அதைச் சொல்லியும் கேட்டும் வந்திருக்கிறேன். ஆனால் அதைப் பற்றி என்னைச் சிந்திக்க வைத்தது, மதுரை காளவாசலில் ஓரிரவு நான் கண்ட ஒரு சின்னஞ்சிறு காட்சிதான்.

மணி ஒன்பதரை இருக்கும். பெரியார் நிலையத்திலிருந்து செக்கானூரணி போகும் பஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்தேன். காளவாசல் நாற்சந்திக்கு மேலே 2020-ல் மேம்பாலம் திறந்துவிட்டார்கள். ஆனால் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களின் உலகம் பாலத்துக்குக் கீழேதானே இருக்கிறது? அங்கே ஒரு பாட்டி காலிப் பூக்கூடையோடு ஏறினாள். மூன்று பெண்கள் அமர்ந்திருந்த இருக்கையைப் பார்த்து, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க தாயி” என்றாள். ஜன்னலோரத்து அம்மாள் வெளியே பார்க்கத் தொடங்கினாள். நடுவில் இருந்தவள் மடியிலிருந்த பையைச் சரி செய்துகொண்டாள். ஓரத்தில் இருந்த பெண், இருபது வயதுகூட நிரம்பியிராது, எழுந்து நின்றுகொண்டு, “நீங்க உட்காருங்க பாட்டி” என்றாள்.

“ஒனக்குக் காலு வலிக்காதா தாயி?”

“காலையிலேர்ந்து நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன். ஜவுளிக்கடையில வேலை. கடையில ஸ்டூல் போட்டிருக்காங்க பாட்டி. ஆனா ஆள் வர்ற நேரம் பார்த்து உட்காராம, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மான்னு சொல்லிட்டாங்க. இதுவும் ஒரு அரை மணி நேரம்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்.”

இந்தப் பெண்ணின் மனம்தான் எத்தனை பெரியது என்று வியந்தேன். அந்த வியப்பைக் கதையில் எங்கே வைக்கலாம் என்றுகூட யோசித்தேன். நாகமலை புதுக்கோட்டையில் அவள் இறங்கிப் போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவ்வளவு நேரமும் நான் உட்கார்ந்தேதான் இருந்திருக்கிறேன்!

வெட்கத்தோடு வீடு வந்து சேர்ந்தவன், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை வேஷங்களில் அது நம்மிடையே உலவுகிறது! சைக்கிள் கடைக்காரர் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்கிறார். தையற்காரர் ரவிக்கையின் தோளை அட்ஜஸ்ட் செய்கிறார். கணக்குப்பிள்ளை முன்பணத்தை மாதச் சம்பளத்தில் அட்ஜஸ்ட் செய்கிறார். கல்யாண வீட்டில் நாலு பேர் படுக்கும் ஜமுக்காளத்தில் ஏழு பேர் அட்ஜஸ்ட் செய்துகொண்டு, விடிய விடியச் சிரித்துப் பேசுகிறோம். இவையெல்லாம் நல்ல வேஷங்கள்.

அதே சொல் ஓர் அலுவலகத்து மேஜை முன்னே குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பார்த்து அட்ஜஸ்ட் பண்ணுங்க, சார்” என்று வரும்போது அதன் பின்னால் ஓர் உறையும் வருகிறது. 1961-லேயே சட்டம் குற்றமென்று சொல்லிவிட்ட வரதட்சிணை, சம்பந்திகள் பேச்சில், “இப்போ பதினைஞ்சு பவுன் போடுங்க, மீதியை ஆடிக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்று பண்போடு நடமாடுகிறது. கன்னத்தில் விரல் தடத்தோடு தாய் வீட்டுப் படியேறும் மகளிடம், “குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்” என்று அந்தத் தாயே சொல்கிறாள். லஞ்சம், கொள்ளை, அடி என்று பெயர் சொல்லி அழைத்தால் நமக்கே கூசும். ஆகவே இந்தச் சொல்லைப் போர்த்திக் கூட்டிக்கொண்டு வருகிறோம்.

அன்பையும் அநியாயத்தையும் ஒரே சொல் எப்படிச் சுமக்கிறது? அதன் பிறப்பைத் தேடிப் போனால் ஒரு சுவையான செய்தி கிடைக்கிறது. பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது அந்தச் சொல். அதன் லத்தீன் வேருக்கு ‘அருகில்’ என்பதே பொருள். அருகே கொண்டுவந்து சேர்ப்பதுதான் அதன் ஆதித் தொழில். பிற்காலத்தில், ‘நியாயமானது’ என்று பொருள்படும் வேறொரு சொல்லோடு ஒலி ஒற்றுமையால் அது கலந்துபோய், ‘சரியாக்குவது’ என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டது. நெருக்கம், நியாயம் இரண்டும் அதற்குள் குடியிருக்கின்றன. நம் வள்ளுவர் கண்ணோட்டத்துக்கு ஓர் அதிகாரமும் நடுவுநிலைமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்று மற்றொன்றாகிவிடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாமோ அந்த ஆங்கிலச் சொல்லிலிருந்து நெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நியாயத்தை வந்த வழியே அனுப்பிவிட்டோம்.

எது நல்ல அட்ஜஸ்ட், எது கெட்டது என்று பிரித்தறிய ஒரு வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற மூன்றையும் ‘இடம்’ என்றே தமிழ் அழைக்கிறது. பஸ்ஸில் நாம் தேடுவதும் இடம்தான்! அந்தப் பெண், “அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்” என்றாளே, அது தன்மை. சொல்கிறவளே நகர்கிறாள். அங்கே அது தியாகம். பாட்டி, “அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்றது முன்னிலை. அது வேண்டுகோள், கேட்கப்பட்டவர் மாட்டேன் என்று சொல்லவும் இடமிருக்கிறது, இருவர் அப்படியே செய்தார்கள். அதே முன்னிலை முதலாளியின் வாயிலிருந்து வந்தால், மறுக்க இடமில்லாத காரணத்தால், கட்டளை ஆகிவிடுகிறது. எல்லாவற்றிலும் கொடியது படர்க்கை: “அவள் அட்ஜஸ்ட் பண்ணிப்பாள்.” அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்வதில்லை. அவள் இல்லாத இடத்தில், அவளைக் கேட்காமலே, அவளுடைய வாழ்க்கையில் ஒரு பகுதியை மற்றவர்கள் வெட்டி எடுத்துக்கொள்ளும் வாக்கியம் அது.

ஜவுளிக்கடையின் கதை இந்தப் படர்க்கையின் கதைதான். நாள் முழுவதும் நின்று நின்று கால் வீங்குகிற பெண்களைப் பற்றி, ‘பழகிவிடும்’ என்றே ஊர் எண்ணிக்கொண்டிருந்தது. கேரளத்தில் பெண்கள் போராடி 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டத்தில் ஏற்றினார்கள். 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும், கடைகளிலும் நிறுவனங்களிலும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி தரவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தது. மனிதன் உட்காருவதற்கு ஒரு சட்டம்! சட்டம் ஸ்டூலைக் கடைக்குள் கொண்டுவந்துவிட்டது. அந்தப் பெண்ணை அதில் உட்கார வைக்க இன்னும் முடியவில்லை. இடையே அந்த ஒரு சொல் நிற்கிறது.

அப்படியானால் யாருமே விட்டுக்கொடுக்காமல் விறைத்து நிற்க வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். கூடாது. ஒரு குழாயடியில் எட்டுக் குடும்பம் தண்ணீர் பிடிக்கும் வளவுகளில், விட்டுக்கொடுத்தல் இல்லாவிட்டால் ஒரு பொழுதுகூட விடியாது. தன் உரிமையில் ஒரு விரற்கடையும் தரமாட்டேன் என்கிறவனோடு யாரால் வாழ முடியும்? கேள்வி, நகர வேண்டுமா என்பதன்று. யார் நகர வேண்டும் என்பதே. முறை மாறி மாறி வந்தால் அது உறவு. எப்போதும் ஒருவரே நகர்ந்துகொண்டிருந்தால் அதற்கு வேறு பெயர்.

இதற்கு மதுரையே ஒரு விடை சொல்லியிருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலின் வெளியே நின்றே கும்பிட்டுப் போகும்படி தலைமுறை தலைமுறையாகச் சிலர் பழக்கப்பட்டிருந்தார்கள். 1939 ஜூலை 8-ஆம் தேதி அ. வைத்தியநாதய்யர், கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு அந்தக் கோயிலுக்குள் நுழைந்தார். உள்ளே ஏற்கெனவே இடம் பெற்றிருந்த ஒருவர், இடம் மறுக்கப்பட்டவர்களோடு சேர்ந்து நின்றார். இடம் வைத்திருப்பவன்தான் முதலில் நகர வேண்டும். இதைவிட நேரான நியாயம் எனக்குத் தெரியவில்லை.

காளவாசல் என்றால் எங்கள் பக்கத்தில் செங்கற்சூளை என்று பொருள். ஈர மண், அச்சு எப்படி அழுத்துகிறதோ அப்படியெல்லாம் வளைந்து கொடுக்கும். சூளையில் ஏறி வெந்த பிறகு அது வளையாது. வளையாததனால்தான் அதை நம்பி ஒருவன் வீடு கட்டுகிறான். மனிதனுக்கும் இரண்டும் வேண்டும். எந்த இடத்தில் மண்ணாக இருப்பது, எந்த இடத்தில் செங்கல்லாக இருப்பது என்பதைத் தெரிந்துகொள்வதற்குள் பலருக்கு ஆயுள் முடிந்துவிடுகிறது.

அந்தப் பெண்ணை நான் மறுபடியும் பார்க்கவில்லை. ஆனால் இரவு பஸ்ஸில் யாராவது, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்று சொன்னால், இப்போதெல்லாம் அந்தச் சொல்லைப் பற்றி நான் யோசிப்பதில்லை. எழுந்து நின்றுவிடுகிறேன்.