இரண்டாவது வண்டி

குழுவாக பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் யாருக்கு அனுபவம் குறைவோ, அவரை இரண்டாவதாக விடுவார்கள். கடைசியில் விட்டால் எட்டிப்பிடிக்கிறேன் பேர்வழி என்று முறுக்கிக்கொண்டு போய் எங்காவது விழுவார். இரண்டாவதாக வந்தால், முன்னால் போகிறவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆக, எத்தனை பெரிய வண்டிகள் கூட வந்தாலும் கூட்டத்தின் வேகம் இரண்டாவது வண்டியின் வேகம்தான்.

சிங்கப்பூரிலிருந்து தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் புறப்பட்ட ஏழு வண்டிகளில் இரண்டாவது வண்டி என்னுடையது. நாற்பத்தேழு வயதில் 2பி உரிமம் எடுத்தவன் நான். அதை வைத்துக்கொண்டு 200 சிசிக்கு மேல் ஓட்ட முடியாது. தேர்வில் அந்த ஒடுக்கமான பலகையிலிருந்து இரண்டு முறை இறங்கி, மூன்றாம் முறை தேறி, ஐந்து மாதம் ஆகியிருந்தது. மற்ற ஆறு பேரிடமும் என் வண்டியைப் போல மூன்று மடங்கு இன்ஜின்.

அதிகாலை ஐந்து மணிக்கு உட்லண்ட்ஸ் பாலத்தில் எங்கள் பக்கம் ஈயாடியது. எதிர்ப்பக்கம் விளக்கு வெள்ளம். மலேசியாவிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், கப்சாய் எனும் சின்ன பைக்குகளில், காற்றுக்காகச் சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு வந்துகொண்டே இருந்தார்கள். 1924இல் திறந்த, ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலம். அதைக் கடந்து அவர்கள் தினமும் வெளிநாடு போய் வருகிறார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வழியனுப்பியது எனக்கு மட்டும்தான் என்று நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லையான புக்கிட் காயு ஹித்தாம் வரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஏறத்தாழ 770 கிலோமீட்டர். பைக்குகளுக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. சாவடிக்கு இடது ஓரமாக ஒரு சின்னப் பாதை, நுழைந்து போய்க்கொண்டே இருக்கலாம். வேக வரம்பு 110. என் வண்டிக்கு 90 சுகம், 100 என்றால் உடம்பெல்லாம் நடுங்கும். கண்ணாடியைப் பார்த்தால் பின்னால் ஐந்து விளக்குகள், ஐந்து கடன்காரர்கள் மாதிரி. அவர்களுடைய இன்ஜின்கள் பொறுமையிழந்து முனகுவதாக எனக்குப் பட்டது. என் டாங்க்கும் சின்னது. எனக்காகவே ஒருமுறை கூடுதலாகப் பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கினோம். மலிவான மஞ்சள் கைப்பிடிப் பெட்ரோல் வெளிநாட்டு வண்டிகளுக்குக் கிடையாது என்பதை மறந்து அதையே எடுக்கப் போய், அங்கேயும் ஐந்து நிமிடம் என்னால் போயிற்று.

யாரையும் காக்க வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் ஏறக்குறைய மதம். அப்பா எந்தக் கல்யாணத்துக்கும் முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்திருப்பார். கடைசிக் காலத்தில் முழங்கால் போய், கோலூன்றி நடக்கும் நிலை வந்ததும், தேக்கா கடைத்தெருவுக்குக் கூட எங்களோடு வருவதை நிறுத்திவிட்டார். "நான் வந்தா உங்களுக்குத்தான் லேட்டு. நீங்க போய்ட்டு வாங்க." இரண்டு வருடம் அப்படியே இருந்தார். நாங்களும் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு போய்வந்தோம். அவருக்கு மீன் சாப்பாடு பொட்டலம் வாங்கி வந்தோம்.

செரம்பான் தாண்டியபோது பின்சக்கரத்துப் பக்கம் லேசாகக் கரகரவென்று சத்தம். இடது கையைத் தூக்கினால் போதும், கூட்டமே ஓரங்கட்டும். நான் தூக்கவில்லை. கோலாலம்பூரைக் கடந்தோம். மழை பிடித்தது. பைக்குகள் ஒதுங்குவதற்கென்று மேம்பாலத்தடியில் ஒதுக்கியிருந்த இடத்தில் பத்து நிமிடம் நின்றோம், அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. தாப்பா ஓய்விடத்தில் எல்லாரும் தே தாரிக் குடிக்கப் போனார்கள். கடைசி வண்டிக்காரர் மட்டும் என் வண்டிப் பக்கம் குந்தினார். அறுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

செயினைக் கீழிருந்து ஒரு விரலால் தூக்கினார். இரண்டு விரல் அளவு ஆட வேண்டியது நாலு விரல் ஆடியது.

"தம்பி, சத்தம் எப்பலேர்ந்து?"

"செரம்பான்லேர்ந்துண்ணே."

"இருநூறு கிலோமீட்டர் பேசாமயா வந்த?"

"உங்களையெல்லாம் நிறுத்தணுமேன்னு..."

அவர் சிரிக்கவில்லை. கருவிப் பையை விரித்து, ஆக்சில் நட்டைத் தளர்த்தினார். இரண்டு பக்கத் திருகையும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினார். ஒவ்வொரு முறையும் குனிந்து, சக்கரத்தைத் தாங்கும் கரத்தில் வெட்டியிருக்கும் கோடுகள் இருபுறமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்த்தார். ஒரு பக்கம் கூடினாலும் சக்கரம் கோணிக்கொள்ளும். சக்கரத்தை மெல்லச் சுற்றவிட்டு எண்ணெய் விட்டார். பிறகு, எண்ணெய்க் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இது கழண்டு சக்கரத்துல சிக்கினா நீ விழுவ. உன் பின்னாடி வர்ற பொண்ணு உன் மேல ஏறும். அவ பின்னாடி இன்னும் நாலு பேரு. நீ யாருக்கு நல்லது பண்ணினதா நெனச்ச?"

பதில் சொல்லத் தெரியவில்லை. யாருக்கு என்று உண்மையாகச் சொல்வதானால், எனக்குத்தான். 'அவன் ஒருத்தனால் லேட்' என்று எவரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் என் நாகரிகம். இத்தனை வருடம் அடக்கம் என்று நினைத்திருந்ததன் அடியில் இருந்தது கௌரவம். அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் வராததால் எங்களுக்கு மிச்சமானது அரை மணி நேரமாக இருக்கும். அதை வைத்து நாங்கள் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் நினைவில்லை.

டெட் சைமன் என்ற பத்திரிகைக்காரர் 1973இல் லண்டனிலிருந்து ஒரு டிரையம்ப் பைக்கில் கிளம்பி நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றினார். முன்பின் பைக் ஓட்டிப் பழக்கமில்லாதவர், தன்னந்தனியாகப் போனவர். அவர் எழுதிய பயணப் புத்தகத்தில் அந்தத் 'தனியாக'த்தான் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் போன இடமெல்லாம் வழியில் கண்டவர்கள் கொடுத்த சோற்றையும் இடத்தையும் வாங்கிக்கொண்டுதான் அவரும் உலகைச் சுற்றியிருக்கிறார். அந்தப் பகுதிகளை நான் வேகமாகப் புரட்டியிருக்க வேண்டும்.

அன்றிரவு ஈப்போவில் தங்கினோம். மறுநாள் சுண்ணாம்புக் குன்றுகள், மெனோரா சுரங்கம், பிறகு கெடா. இராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பிக் கொண்ட அந்தக் கடாரத்தை நான் 85 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லாரிக்குப் பின்னாலேயே கடந்தேன். எல்லையில் வண்டிக் காகிதம், காப்புறுதி, முத்திரை என்று வரிசை. தாய்லாந்தில் நேரம் நமக்கு ஒரு மணி பின்னால். கடிகாரத்தைத் திருப்பும்போது, முன்னால் ஓட்டிய இளைஞன், "அண்ணே, நீங்க எடுத்துக்கிட்டத இவங்க திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றான். ஆறு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கணக்கு எதுவும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

திரும்பி வரும்போது, அலோர் ஸ்டாருக்குக் கொஞ்சம் தெற்கே, இருபுறமும் வயல். வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. மணிக்கட்டு மட்டும் மரத்துப்போயிருந்தது. அடுத்த ஓய்விடம் இருபது கிலோமீட்டர், தாங்கியிருக்கலாம். இடது கையைத் தூக்கினேன். கண்ணாடியில் ஐந்து விளக்குகளும் ஒவ்வொன்றாக ஓரத்துக்கு இறங்கின.

"என்னாச்சு தம்பி?" என்று கடைசி வண்டிக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"கை வலிக்குதுண்ணே."

"சரி" என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.