மாலைச் சமையலில் விரைவு அறமாகுமா?

கதிரவன் மறைவதற்குள் உண்டு முடித்தல் நம் இல்லங்களில் வழிவழியாக வரும் நோன்பு. இந்நோன்பின் சிறப்பை எழுதுவோர் பெரும்பாலும் உண்பவரையே எண்ணி எழுதுகின்றனர்; சமைப்பவரை எண்ணுவதில்லை. பொழுதோடு போட்டியிட்டு அடுப்படியில் ஒருவர் கொள்ளும் விரைவு கொல்லாமைக்குத் துணையா, பகையா என்னும் வினாவை ஈண்டு ஆராய்வோம்.

வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து மதுரைக் குன்றுகளைக் காண வரும் நம்மவர், அழகர்கோவிலை அடுத்த கிடாரிப்பட்டிக்கும் வருவதுண்டு. அழகர்மலைக் குகைத்தளத்தில் ஏறி, கற்படுக்கைகளையும் தமிழ்-பிராமி எழுத்துகளையும் கண்டு, அச்சணந்தி அடிகள் செய்வித்த திருவுருவை வணங்கி இறங்குவதற்குள் வெயில் தணிந்துவிடும். ஆனியில் இங்குக் கதிரவன் மறைய ஆறரை மணிக்கு மேலாகும். மார்கழித் தொடக்கத்திலோ ஆறு மணியளவில் மறைந்துவிடுவான். ஐந்து மணிக்குத் தங்குமிடம் திரும்பினால் கையிருப்பு ஒரு மணி நேரமே. வெங்காயமும் பூண்டும் கலவாத குழம்பை வெளியில் தேடுவது வீண்வேலை. மிளகும் நெய்யும் மணக்கும் அழகர்கோவில் தோசை புகழ் பெற்றதுதான். அதைக் கொண்டே ஒரு குடும்பம் இரவுப்பசியைக் கடந்துவிட இயலாது.

இத்தகைய மாலைக்கு உதவும் காய், மதுரையின் பெரிய கடைகளில் இப்போது கிடைக்கும் சுக்கினி. தோற்றத்தில் வெள்ளரி; இனத்தால் பரங்கிக்கு உறவு. இதன் மூதாதை அமெரிக்கக் கண்டத்தினது. இன்றைய வடிவம் இத்தாலியில் உருவானது. பெயருக்கு அந்நாட்டு மொழியில் 'சிறு பூசணி' என்பது பொருள்.

நால்வர்க்கு நடுத்தரக் காய்கள் இரண்டு போதும். தோல் சீவ வேண்டா. முதலில் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்தல் வேண்டும். கசந்தால் முழுக்காயையும் நீக்கிவிடுக. சுரை, வெள்ளரி இனக்காய்களில் அக்கசப்பு நஞ்சின் அடையாளம், உடல்நலம் கெடும். இரண்டு கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, நறுக்கிய காயை இட்டு, மூடாமல், நீர் தெளிக்காமல் கிளறினால் ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். உப்பை இறுதியில் இடுக. முன்னரே இட்டால் காய் நீர்விட்டுக் குழைந்து பொரியல் கூட்டாகிவிடும். தேங்காய்த் துருவலோடு இறக்கலாம்.

விதை முற்றாத பிஞ்சைக் கொய்வது தகுமா என்று சிலர் வினவக்கூடும். கிழங்கைத் தோண்டினால் செடியே மாளும். கிழங்கில் எண்ணிறந்த உயிர்கள் உறைவதாகவும் நம் நூல்கள் கூறும். பிஞ்சைக் கொய்தாலோ செடி மேலும் பூத்துக் காய்க்கிறது. ஓரறிவுயிர்க்கு ஊறே இல்லையென்று நாம் கூறவில்லை. இல்லறத்தார் தவிர்க்கக்கூடிய ஊறு எது, தவிர்க்கவியலாதது எது என்பதே பேச்சு. இதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

நிற்க வேண்டிய இடம் வேறு. கறிவேப்பிலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க அரை நிமிடம் வேண்டும். அடுப்பு மேடையில் எறும்புச் சாரை ஊர்கிறதா என்று நோக்கவும், நீரைத் துணியில் வடிகட்டவும் நேரம் வேண்டும். மேற்குச் சன்னலைப் பார்த்துப் பார்த்துப் பதறும் கைக்கு இவை முதலில் விட்டுப்போகும். ஏழு நிமிடப் பொரியல் என்பது அடுப்பின் கணக்கு. கண்ணின் கணக்கு அதில் சேரவில்லை. ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்பித்த காலத்தில், கரும்பலகையைத் துடைக்கும் நேரத்தையும் ஓரத்தில் குறிக்கச் சொல்வோம். அவர்கள் சிரிப்பார்கள், வகுப்பில் நின்ற பின் சிரிப்பதில்லை.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரம் கொலைக்கு இலக்கணம் கூறுமிடத்துக் கவனமின்மையைக் காரணமாக வைக்கிறது. அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இன்னும் தெளிவாக்குகிறார்: விழிப்போடு ஒழுகுபவரால் தற்செயலாக ஓர் உயிர் நீங்கினும் அது கொலையன்று, விழிப்பற்றவர்க்கோ, உயிர் நீங்கினும் நீங்காவிடினும் கொலைக்குற்றம் உண்டு. இரவுண்ணாமையை வற்புறுத்தும் நூலும் அதுவே. ஆகவே விளக்கில் விழும் பூச்சிக்கு இரங்கி ஐந்தரை மணிக்கு எறும்பை மிதிப்பது, ஒரே நூலின் ஒரு பக்கத்தைக் காத்து மறுபக்கத்தைக் கிழிப்பதாகும்.

முற்பகலிலேயே சமைத்து வைக்கலாகாதா எனின், வீட்டில் இருப்போர்க்கு இயலும். ஆயினும் சமைத்ததை நெடுநேரம் வைத்திருந்து உண்ணுதலையும் நம் முறை விலக்குகிறது. பணிமுடிந்து ஐந்தரை மணிக்கு வாயிலில் செருப்பைக் கழற்றும் மருமகளுக்கு இவ்வறிவுரை பயன்படாது.

இங்கே நம் அறநூல்களின் மற்றொரு பாகுபாட்டை நினைக்க வேண்டும். தீவினை செய்தலால் மட்டும் வருவதன்று. செய்வித்தலாலும், செய்தற்கு உடன்படுதலாலும் வருவது. நோன்பு குடும்பம் முழுதுக்கும் உரியது; ஓட்டமோ ஒருவருக்கே உரியதாக இருக்கிறது. கூடத்தில் அமர்ந்து, "ஆயிற்றா?" என்று மும்முறை கேட்பவர் எறும்பை மிதிக்கவில்லை, மிதிக்கும் பதற்றத்தை உண்டாக்கியவர் அவரே. செய்வித்தார் கணக்கில் அவரை வைக்காமல் வேறு எங்கே வைப்பது? அவள் மனத்தில் மூளும் சினமும் கஷாயமே. அதை மூட்டியவர்க்கும் அதில் பங்குண்டு.

அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், பணித வணிகன், பொற்கொல்லன் எனப் பலர் தத்தம் தொழிற்பெயரோடு காட்சியளிக்கின்றனர். துறவோர்க்குச் செய்த அறத்தில் பலரும் பங்கு கொண்டனர் என்பதற்கு அப்பாறை சான்று. அறத்தில் பங்கு கொள்ளத் தெரிந்த மரபினர்க்கு அருவாமனையில் பங்கு கொள்ளுதல் அரிதன்று. நீர் வடிகட்டுதல், தேங்காய் துருவுதல், காய் நறுக்குதல் இவற்றுக்கு எந்த ஆண்மகனுக்கும் தனிப்பயிற்சி தேவையில்லை. கறிவேப்பிலையை ஆய்ந்து பார்க்க எட்டு வயதுக் குழந்தையின் கண்ணே போதும். நம் கண்ணைவிட அது கூர்மையானது.

இத்தனைக்குப் பின்னும் நேரம் போதாத மாலைகள் வரும். அன்று ரசமும் சுட்ட அப்பளமும் போதும். குளிர்ப்பெட்டியில் இருக்கும் சுக்கினி மறுநாள் காலைவரை கெடாது.