விதியின் மீது பழி போடலாமா?



பைக் விபத்தில் மவ்த்தான ஒரு வாலிபரின் ஜனாஸா வீட்டில், "அவனுக்கு ஹயாத்து அவ்வளவுதான்" என்கிறோம். பெற்றவர்களைத் தேற்ற அந்த வார்த்தை வேண்டும். ஆனால் அதே வாரம் வெள்ளிக்கிழமை, பயான் முடிந்து குத்பா ஆரம்பித்துவிடுமே என்று, தலையில் தொப்பி மட்டும் போட்டுக்கொண்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறோமே, அதற்கு யார் பொறுப்பு?

தமிழில் கத்ரையும் விதி என்கிறோம். இயற்பியல் சொல்லும் சட்டத்தையும் விதி என்கிறோம். இரண்டாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

நியூட்டன் 1687-ல் வெளியிட்ட முதல் இயக்க விதி இது: ஓடும் பொருள், வெளியிலிருந்து ஒரு விசை தடுக்காதவரை அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும். பஸ் திடீரென நின்றால் நாம் முன்னால் சாய்வது இதனால்தான். பெட்ரோல் டேங்க் மீது உட்கார வைத்த உங்கள் பிள்ளைக்கும் இதே விதிதான். வண்டி நின்றுவிடும், பிள்ளை நிற்காது.

அடுத்தது ஆற்றல். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 40-ல் சுவரில் மோதுவது சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 80-ல் மோதினால் 25 மீட்டர், எட்டு மாடி! ஆற்றல் அழியாது, உருமாறத்தான் செய்யும். பிரேக் பிடித்தால் வெப்பமாகப் போகும். அதற்கு அவகாசம் இல்லையென்றால் தகடு நெளியும், எலும்பு முறியும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் நுரை நசுங்கி, தலை நிற்பதற்கு ஓரிரு சென்டிமீட்டர் தூரம் கூடுதலாகத் தருகிறது. பல நேரம் உயிர் அந்த ஓரிரு சென்டிமீட்டரில்தான் இருக்கிறது.

இந்த விதி யாருக்கும் சலுகை காட்டாது. பள்ளிக்குத்தான் போகிறான் என்று பார்க்காது. அப்படி ஆளுக்கு ஆள் மாறினால் பாலம் கட்டுகிறவர் எதை நம்பிக் கட்டுவார்?

ஷாமில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பிரேக்கில் கை வைப்பதையும் அப்படிப் பார்க்கலாமே!

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வீட்டிலிருந்து பள்ளி 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40-ல் வந்தால் ஏழரை நிமிடம். 80-ல் வந்தால் மிச்சமாவது நான்கு நிமிடம்கூட இல்லை.