மலையைக் குடைந்தவர்களும் ஒட்டகத்தின் தண்ணீர் முறையும்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



உம்ரா செல்லும் நம் மாவட்டத்தவர் சிலர் மதீனாவிலிருந்து அல்உலாவுக்கும் போய் வருகிறார்கள். யானை வடிவப் பாறை, மணற்கல் மலையில் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள், எல்லாம் அங்கே உண்டு. 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஹிஜ்ர் அதுதான். இன்று நிற்கும் கல்லறைகள் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் நபத்தியர் செதுக்கியவை. அவர்களுக்கும் முன்பு அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் ஸமூது கூட்டத்தார்.

ஹிஜ்ரி 9-ல் தபூக் பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வழியே சென்றார்கள். அழுதவர்களாகவே தவிர அங்கே நுழைய வேண்டாம் என்றார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போடச் சொன்னார்கள். ஸாலிஹ் நபியின் ஒட்டகம் நீர் அருந்திய கிணற்றில் மட்டும் எடுக்கச் சொன்னார்கள். இது புகாரியில் வரும் செய்தி. நாமோ அங்கே செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம்!

ஸமூதின் குற்றம் என்ன? மலையைக் குடைந்ததா? இல்லை. அந்தத் திறமையை அல்லாஹ் தன் நிஃமத்தாகவே நினைவூட்டுகிறான் (7:74). ஸுலைமான் நபிக்கு உருகிய செம்பை ஊற்றாகவே ஓடச் செய்தான் (34:12). அவர்கள் நன்றி செலுத்தினார்கள். ஸமூது தங்கள் நபியைப் பொய்யாக்கினார்கள். ஒட்டகத்துக்கு ஒரு நாள், உங்களுக்கு ஒரு நாள் என்ற தண்ணீர் முறை (26:155) அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒட்டகத்தை அறுத்தார்கள், அழிந்தார்கள்.

நாஞ்சில் நாட்டில் பிறந்த நமக்குத் தண்ணீர் முறை புதிதா? பேச்சிப்பாறைத் தண்ணீரை மேலே உள்ளவர் மறித்தால் கடைமடை வயல் கருகும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். பிறகு ஏன் தெருக்குழாய் இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறோம்? பக்கத்து வீட்டில் ஒரு விதவைத் தாய் குடத்தோடு நிற்கிறார். குழாயில் காற்றுதான் வருகிறது. ஒட்டகத்தின் முறையைப் பறித்தவர்களையே ரப்பு விடவில்லை. ஒரு மனுஷியின் முறையைப் பறித்தால்? அந்தத் தண்ணீரில் ஒளூச் செய்துவிட்டா இந்த ஸஃப்பில் வந்து நிற்பது?

அல்உலாவுக்குப் போக எல்லோருக்கும் வசதி இருக்காது. அதன் பாடத்தை இன்றே வீட்டில் நடைமுறைப்படுத்தலாம். அஸருக்கு முன் அந்த மோட்டாரைக் கழற்றுங்கள். பக்கத்து வீட்டாரிடம் மாப்புக் கேளுங்கள்.

யா அல்லாஹ்! பிறர் ஹக்கைப் பறிக்காத, உன் நிஃமத்துக்கு நன்றி செலுத்தும் அடியார்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.