பாராட்டுக்குச் சாட்சி யார்?

அமெரிக்காவில் மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் உயர்நிலைப் பள்ளிகளின் பட்டமளிப்பு விழாக்கள் நடக்கும். பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவர்கள் அங்கியும் தொப்பியும் அணிந்து மேடையேறிச் சான்றிதழ் பெறுவார்கள். தொப்பியின் குஞ்சத்தை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம். அதே மேடையில் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளரும் அமர்ந்திருப்பார். பெரும்பாலும் ஊரார் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் நியமிக்கிற அதிகாரி அவர். மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளையும் நிர்வகிப்பவர், வரவு செலவுக்குப் பொறுப்பானவர். பல மாநிலங்களில் பள்ளிகளின் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது. அதனால் ஓய்வு பெறும் கண்காணிப்பாளரும் பள்ளியை விட்டுப் போகும் மாணவர்களும் பெரும்பாலும் ஒரே கோடையில் விடைபெறுகிறார்கள். மாணவர்களின் மேடையிலேயே அதிகாரிக்கும் பாராட்டுரையும் நினைவுப் பரிசும் வழங்குவது அப்போது இயல்பாகத் தோன்றும். இது முறைதானா என்பதே கேள்வி.

முறை என்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஒருவர் பதவியில் இருக்கும்போது அவரைப் புகழ்ந்தால் அதில் முகத்துதி எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பதவியை விட்டு இறங்குபவரால் இனி யாருக்கும் ஆதாயம் இல்லை. எனவே ஓய்வு நாளில் சொல்லும் நன்றியில்தான் கலப்படம் குறைவு. மேலும், மாணவர்கள் தம் ஆசிரியரை அறிவார்கள். கண்காணிப்பாளரை அவ்வளவாக அறியமாட்டார்கள். காலையில் பள்ளிப் பேருந்து வந்ததற்கும், மதிய உணவு கிடைத்ததற்கும், கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இல்லாமல் இருந்ததற்கும் பின்னால் யாரோ ஒருவர் இரவு பகலாக உழைத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத உழைப்பை அடையாளம் கண்டு நன்றி சொல்லப் பழகுவதும் கல்வியின் ஒரு பகுதியே.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த நாள் மாணவர்களுடையது. சில குடும்பங்களில் பள்ளிப் படிப்பை முடிக்கும் முதல் பிள்ளை அன்றைக்குத்தான் மேடையேறுகிறது. அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் ஒலிக்கும் சில நொடிகளுக்காகப் பெற்றோர் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து அதிகாரியின் சாதனைப் பட்டியலை நெடுநேரம் வாசித்தால் அது அவர்கள் பொழுதைப் பறிப்பதாகும். இன்னொன்று, அந்த அரங்கில் இருக்கும் மாணவர்களாலும் ஆசிரியர்களாலும் எழுந்து போக முடியாது. எழுந்து போக உரிமை இல்லாதவர்களின் கைதட்டலை மரியாதை என்று கணக்கிடக் கூடாது.

இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. எதற்காகப் பாராட்டுகிறோம்? ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரம் இந்தக் கேள்விக்குக் கொடுத்த விலை பெரிது. பெவர்லி ஹால் 1999 முதல் 2011 வரை அந்நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தார். தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்ததைக் காட்டி நாடே அவரைப் புகழ்ந்தது. 2009-இல் தேசிய அளவில் ஆண்டின் சிறந்த கண்காணிப்பாளர் என்ற விருதும் கிடைத்தது. 2011 ஜூனில் அவர் பதவியிலிருந்து விடைபெற்றார். ஜூலையில் மாநில விசாரணை அறிக்கை வெளிவந்தது. 2009-இல் நடந்த மாநிலத் தேர்வில், ஆராயப்பட்ட 56 பள்ளிகளில் 44-இல் முறைகேடு நடந்திருப்பதாகவும், ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேருக்கு அதில் பங்கு இருந்ததாகவும் அது கூறியது. மாணவர்கள் எழுதிய தவறான விடைகளை ஆசிரியர்களே அழித்துச் சரியாக்கியிருந்தார்கள். 2013-இல் ஹால் உட்பட 35 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது. அவர் அதை மறுத்தார். நோயுற்றிருந்ததால் விசாரணையை எதிர்கொள்ளாமலே 2015 மார்ச்சில் இறந்தார். அடுத்த மாதம், விசாரணைக்கு நின்ற 12 பேரில் 11 பேரைக் குற்றவாளிகள் என்று நடுவர் குழு அறிவித்தது.

தீர்ப்பு வராத ஒருவரைக் குற்றவாளி என்று இங்கே சொல்வது அறமாகாது. அவரைப் புகழ்ந்தவர்களும் கெட்ட எண்ணத்தோடு புகழவில்லை. ஆனால் அந்தப் புகழால் யார் இழந்தார்கள் என்பதில் ஐயமில்லை. வாசிக்கத் தடுமாறிய பிள்ளைக்குத் தேர்ச்சி என்று தாள் சொன்னது. தேர்ச்சி பெற்ற பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்சி எதற்கு என்று உதவி நின்றது. மதிப்பெண்ணைப் புகழுக்கும் ஊக்கத்தொகைக்கும் அளவுகோலாக்கிய இடத்தில், கீழே இருந்தவர்கள் பிள்ளையை விட்டுவிட்டு மதிப்பெண்ணைக் கவனித்தார்கள். ஊர் பாராட்டியது தவறில்லை; பாராட்டுக்கு எண்களை மட்டும் சாட்சியாக அழைத்ததே தவறு.

வேறு விதமான சாட்சியத்துக்குச் சிகாகோ ஓர் எடுத்துக்காட்டு. எல்லா ஃப்ளாக் யங் 1862-இல் இளம் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தவர். 1909-இல் அந்நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளரானார். அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் பள்ளிகளுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவரே. பாடத்திட்டத்திலும் நிர்வாகத்திலும் ஆசிரியர்களின் கருத்துக்கு இடம் வேண்டும் என்று வாதாடியவர். 1913-இல் வாரியத்தோடு ஏற்பட்ட மோதலில் அவர் பதவியை விட்டு விலகியபோது நகரத்துப் பெண்கள் திரண்டு எதிர்த்தார்கள். வாரியம் அவரை மீண்டும் அழைக்க நேர்ந்தது. பதவி கையில் இல்லாத நேரத்தில், அழைப்பிதழ் அச்சடிக்காமல், யாரும் வற்புறுத்தாமல் கிடைத்த மரியாதை அது. எந்த விருதும் அதற்கு ஈடாகாது.

இந்த இரண்டையும் எடைபோட்டால் வழி தெளிவாகிறது. ஓய்வு பெறும் கண்காணிப்பாளரைப் பாராட்டத்தான் வேண்டும்; ஓர் ஊர் தன் பிள்ளைகளுக்காக உழைத்தவரை வாய் திறவாமல் அனுப்புவது நன்றிகெட்ட செயல். ஆனால் விரிவான பாராட்டுக்குத் தனி மாலைப்பொழுது வேண்டும். விரும்பியவர் வரலாம், வராதவரை யாரும் குறித்து வைக்கக் கூடாது. பரிசுக்கென்று கீழ்நிலை ஊழியர்களிடம் வசூல் கூடாது. பட்டமளிப்பு மேடையில் அவருக்கு ஒரு நிமிட நன்றி போதும். அந்த மேடையில் அவர் செய்யக்கூடிய ஆகச் சிறந்த செயல், வெளியேறும் மாணவர்களைப் பற்றிப் பேசுவதே.

பாராட்டுரையின் உள்ளடக்கமும் மாற வேண்டும். தேர்ச்சி விகிதத்தைச் சொல்லுமுன், அந்த விகிதத்துக்குள் வராமல் இடையில் படிப்பை விட்ட பிள்ளைகளுக்காக இவர் என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். பெரிய அடைமொழிகளை விட்டுவிட்டு, பட்ஜெட் வெட்டு வந்தபோது எந்தப் பள்ளியை இவர் காப்பாற்றினார், எந்தக் குறையை மறைக்காமல் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல வேண்டும்.

பாராட்டுரை எழுத உட்காரும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள். எழுதுமுன் அந்த ஆண்டு வெளியேறும் மாணவர்களில் சிலரையாவது, நன்றாகப் படித்தவர்களையும் தட்டுத் தடுமாறி வந்தவர்களையும் சேர்த்து, தனியே அழைத்துக் கேளுங்கள். அச்சமின்றி அவர்கள் சொல்வதில் எது எஞ்சுகிறதோ அதை மட்டும் மேடையில் சொல்லுங்கள். அது நான்கு வரியாக இருந்தாலும், அந்த அதிகாரிக்கு உரிய மரியாதை அதுவே.