அடைத்த வழியும் வழிபாடே

மலையில் நெருப்பு உண்டு என்பதை அங்கே எழும் புகையைக் கொண்டு தெளிதல் நம் நாட்டுத் தருக்க சாஸ்திரத்தின் மிகப் பழைய உதாரணம். புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பதற்கு அடுக்களையைச் சான்றாகவும், நெருப்பில்லாத இடத்தில் புகையில்லை என்பதற்கு நீர்நிலையை எதிர்ச்சான்றாகவும் காட்டி, கண்ணுக்கு எட்டாத ஒன்றைக் கண்ணுக்கு எட்டியதைக் கொண்டு நிச்சயிக்கும் அனுமானப் பிரமாணத்தை நியாய சாஸ்திரிகள் நிலைநாட்டினார்கள். மணிமேகலையில் அறவண அடிகள் உபதேசிக்கும் பௌத்த தருக்கத்திலும் இதே மலையும் இதே புகையும் வருகின்றன. அறிவு எவ்வாறு பிறக்கிறது என்னும் விசாரணைக்கு இந்த உதாரணம் போதும். ஆனால் மலையில் நெருப்பு உண்டென்று அறிந்தவன் அதன்பின் என்ன செய்யக் கடமைப்பட்டவன் என்பதைத் தருக்கம் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியது தர்மம்.

ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியில், தையல் இயந்திரங்களின் ஓசை கேட்கும் தெருக்களில் நின்று மேற்கே பார்ப்பவருக்கு, இந்தக் கேள்வி ஏட்டிலிருந்து எழுவதன்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பாலுள்ள கேரள நாட்டை நனைத்துவிட்டு இப்பக்கம் ஈரமிழந்து இறங்குவதால், மாசியிலும் பங்குனியிலும் காய்ந்த புல், கோடைமழை தவறிய ஆண்டுகளில், ஐப்பசி மழை வரும்வரை பெரிதாக நனைவதேயில்லை. பகலில் வெறும் மூட்டம்போலத் தோன்றிய ஒன்று, இருட்டிய பிறகு மலைச்சரிவில் வளைந்து நெளிந்து ஏறும் செந்நிறக் கோடாகத் தெரியும்போது, "மலையிலே தீப்பிடிச்சிருக்கு" என்று திண்ணையில் இருப்பவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். எரிவது யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கன்று. 1988-ஆம் ஆண்டில் சாம்பல் நிற அணிலுக்கென்று சரணாலயமாக்கப்பட்டு, 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது. ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும், சேத்தூர்ப் பக்கத்துச் சாஸ்தா கோவில் அணையும், வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல் அணையும் அந்த மலையின் ஓடைகளை நம்பியே இருக்கின்றன.

மலையேறும் நெருப்பின் இயல்பு சமவெளி நெருப்பின் இயல்பினின்றும் வேறுபட்டது. கீழே எரியும் தீயின் அனல் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், சரிவில் அது மனிதன் ஓடும் வேகத்தை மிஞ்சி ஏறுகிறது. எண்ணெய்ப் பசையுள்ள போதைப்புல் மண்டிய இடமானால் அதன் வேகத்துக்கு அளவில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், நடைப்பயணம் சென்று திரும்பிக்கொண்டிருந்த இளைஞர் கூட்டம் அத்தகைய தீயின் நடுவே அகப்பட்டு, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. தீயணைப்பு வண்டி ஏற முடியாத இந்த மலைகளில், வனக் காவலர்களும், அவர்களுக்கு வழிகாட்டும் பளியர் பழங்குடியினரும், பச்சைத் தழைகளை ஒடித்துக் கட்டி அடித்தும், புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட்டும், சில வேளை எதிர்த்தீ வைத்துமே நெருப்பை மடக்குகிறார்கள். தழையால் அடிக்கும்போது ஓங்கி வீசினால் பொறி பறந்து பின்னால் பற்றிக்கொள்ளும். அழுத்தி, தேய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு அடிக்க வேண்டும். இரவெல்லாம் அவ்வாறு அடித்தவர்களின் கைகளை நினைத்துக்கொண்டே இனிவரும் விவாதத்துக்குள் நாம் புக வேண்டும்.

தீ கண்டவுடன் வழி அடைக்கப்படுகிறது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் கொடைக்கானல் மேல்மலையில் தீ பரவியபோது பூம்பாறை, மன்னவனூர் சாலையில் சுற்றுலா வாகனங்கள் தடுக்கப்பட்டன. உல்லாசத்துக்காகச் சென்றவர் ஊர் திரும்புவதில் தத்துவப் பிரச்சினை ஏதுமில்லை. வத்திராயிருப்பை அடுத்த சதுரகிரி மலைக்கோவிலிலோ அப்படியன்று. சுந்தரமகாலிங்கரையும் சந்தனமகாலிங்கரையும் தரிசிக்க வரும் அன்பர்கள், அமாவாசையும் பௌர்ணமியும் பார்த்து, விரதமிருந்து, வெளியூர்களிலிருந்தெல்லாம் தாணிப்பாறை அடிவாரத்துக்கு வந்து சேர்கிறார்கள். வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை என்று ஏற வேண்டிய பாதை வனத்துறையின் கதவுக்குப் பின்னால் அடைபட்டிருக்கிறது. "இவ்வளவு தூரம் வந்துட்டு அப்பனைப் பாக்காமப் போறதா, சார்?" என்கிறார் ஒருவர். "மேலே தீ எரியுது சாமி, இங்கேயே கும்பிட்டுட்டுப் போங்க" என்கிறார் காவலர். ஸங்கல்பம் செய்துகொண்டு புறப்பட்டவன் சந்நிதியைக் காணாமல் திரும்பினால் அவனுடைய விரதம் பங்கப்பட்டதாகுமா? ஆண்டவனுக்கும் அடியவனுக்கும் நடுவே ஒரு கதவைச் சாத்த அரசுக்கு என்ன அதிகாரம்? இக்கேள்விகளை அறியாமையென்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. கேட்பவரின் பக்தி உண்மையானது.

இதற்கு இரண்டு விதமான பதில்கள் வழக்கில் உண்டு. சரணடைந்தவனை இறைவன் நெருப்பிலும் காப்பான் என்பது ஒன்று. இந்த நெருப்பே இறைவனுடைய கோபம், அதன்முன் மனிதப் பிரயத்தனம் வீண் என்பது மற்றொன்று. முன்னது இறைவனைச் சோதிக்கிறது; பின்னது நம் குற்றத்தை அவன்மேல் ஏற்றுகிறது. நம் காடுகளில் தீ பெரும்பாலும் மனிதர் கையாலேயே உண்டாகிறது. அணைக்காமல் எறிந்த பீடித்துண்டு, சமைத்துவிட்டு விட்டுப்போன அடுப்பு, மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த தீ, காற்றை நினையாமல் பாறையடியில் ஏற்றிய சூடம் ஆகியவற்றுக்கு ஈசனைப் பொறுப்பாளியாக்குதல் பக்தியாகாது. மேலும், நெருப்பினூடே மலையேறத் துணிபவன் தன் உயிரை மட்டுமே பணயம் வைப்பதாக எண்ணுகிறான். அவனைத் தேடி அந்தப் புகைக்குள் நுழையக் கடமைப்பட்ட காவலரின் உயிரும் அந்தப் பணயத்தில் அடங்கியிருக்கிறது. பிறர் உயிரை ஈடாக வைத்துச் செலுத்தும் நேர்த்திக்கடன் எந்தத் தெய்வத்துக்கும் உரியதாகாது.

காட்டுத்தீயையும் வழிபாட்டையும் ஒருங்கே வைத்து ஆழ்ந்து நினைத்த நூல் மகாபாரதம். ஆதிபர்வத்தில், சுவேதகி என்னும் அரசன் பன்னிரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் வார்த்த நெய்யை உண்டு அக்கினி தேவன் நோயுற்று ஒளி குன்றினான். அந்நோய் தீரக் காண்டவ வனத்தை உண்ணும்படி பிரமனால் ஏவப்பட்டான். கண்ணனும் அர்ச்சுனனும் காவல் நிற்க, இந்திரன் பொழிந்த மழையையும் அம்புகளால் தடுக்க, காடு எரிந்தது. வேள்விக்கு வரம்பில்லாமல் போனபோது அதன் விளைவைச் சுமந்தது, வேள்வியில் பங்கே இல்லாத காடு என்பதை வியாசர் எவ்வளவு கூர்மையாகக் கண்டிருக்கிறார்! தப்பிப் பிழைத்தவர் மிகச் சிலர்: மயன், தட்சகன் மகனாகிய அசுவசேனன், சார்ங்கப் பறவைக் குஞ்சுகள் நான்கு. கதை அத்துடன் நிற்கவில்லை. பிழைத்த மயன் கட்டிய மண்டபம் துரியோதனனுக்குப் பொறாமையூட்டிச் சூதாட்டத்துக்கு வித்தாயிற்று. தாயை இழந்த அசுவசேனன் கர்ணனுடைய அம்பில் ஏறி அர்ச்சுனனைத் தேடி வந்தான். அர்ச்சுனனின் பேரனாகிய பரீட்சித்து, முனிமைந்தன் சாபம் ஒரு நிமித்தமாயினும், அதே தட்சகனால் தீண்டப்பட்டே மாண்டான். தேவகாரியம் என்று பெயரிட்டுச் செய்த தகனத்துக்கும் கர்மபலன் உண்டென்றும், தாத்தா எரித்த காட்டின் கணக்கைப் பேரன் தீர்க்க நேரும் என்றும் இதிகாசம் சொல்லாமல் சொல்கிறது.

நெருப்பு தெய்வமன்று என்பது என் கருத்தில்லை. அண்ணாமலையில் இறைவனையே அக்கினி வடிவமாகத் தொழும் மரபில் வந்தவர்கள் நாம். ஆயினும் நடராஜ மூர்த்தத்தை உற்று நோக்குவோர் ஒன்றைக் காண்பார்கள்: சங்காரத்துக்குரிய அந்த அனல் பெருமானுடைய இடக்கை ஒன்றில், உள்ளங்கை அளவில், ஏந்தப்பட்டிருக்கிறது. விளக்கிலும், வேள்விக் குண்டத்திலும், அடுப்பிலும் நாம் வணங்கும் நெருப்பு எல்லாம் எல்லை கட்டப்பட்ட நெருப்பே. எல்லைக்குள் அது தெய்வம். எல்லை அழிந்தபின் அதற்குக் கருணை ஏது? அக்கினிக்கு எல்லை வேண்டுமென்று ஒப்புக்கொள்பவன், அக்கினியை ஏந்திச் செல்லும் தனக்கும் எல்லை உண்டென்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தாணிப்பாறையில் சாத்திய கதவு அந்த எல்லையின் கண்கூடான வடிவம்.

விரதம் பங்கப்படுமா என்ற கேள்விக்கு விடையும் இந்த மலையடிவாரத்திலேயே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த ஆண்டாள் பாடிய மார்கழி நோன்பு, நோற்கும் பெண்களின் சொந்த நலத்தோடு நின்றுவிடவில்லை. நாடெங்கும் தீங்கில்லாத மழை பெய்து, பயிரும் பசுவும் செழிக்க வேண்டும் என்பதும் அந்நோன்பின் பயனாகத் திருப்பாவையில் வருகிறது. நெய்யும் பாலும் உண்ணாமல் இருப்பது தொடங்கி, செய்யத்தகாதவற்றைச் செய்யாமல் விடுவதே அந்நோன்பின் உடம்பு. அப்படியானால், மழைக்குத் தாயாகிய காட்டின் நலத்துக்காக, ஏறத் துடிக்கும் காலை அடிவாரத்திலேயே நிறுத்துவதைக் காட்டிலும் கடுமையான நோன்பு எது? உணவைத் துறப்பது எளிது. ஆசைப்பட்டு வந்த தரிசனத்தையே துறப்பது அரிது. அரியதைச் செய்தவனுடைய ஸங்கல்பம் குறைபட்டதென்று எந்தச் சாஸ்திரமும் கூற நியாயமில்லை.

அடைத்த கதவின் முன்னால் சூடம் ஏற்றி வணங்கிவிட்டுத் திரும்புதல் இன்று அன்பர்களின் வழக்கமாகியிருக்கிறது. அவர்களிடம் வணக்கத்துடன் ஒரு விண்ணப்பம்: மலை எரியும் நாளில் அந்தச் சூடத்தை ஏற்றாமலே விடுங்கள்; பெருமான் அபிஷேகப் பிரியன், ஒரு செம்பு நீர் அவனுக்குப் போதும். அன்னதானத்துக்கென்று கொண்டுவந்த அரிசியும் பருப்பும் மேலே செல்ல இயலாவிட்டால், தீயை அடித்துவிட்டுக் கரிபடிந்த முகத்தோடு இறங்கி வருகிறவர்களுக்கு அதைச் சமைத்துப் போடுங்கள். அடியார்க்குச் செய்வது ஆண்டவனுக்குச் செய்வதென்று சொல்லும் சைவம் இதில் உங்களுக்குத் துணை நிற்கும். மலை தணிந்து வழி திறந்த நாளில், ஏறும்போது தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். லிங்கம் மலையின்மேல் மட்டும் இருப்பதாக எண்ணுவதால்தான் கதவு நம்மைத் தடுக்கிறது; மலை முழுவதையுமே லிங்கமாகக் கண்ட சித்தர் மரபை உண்மையாக நம்புகிறவனுக்கு, அந்த மலை எரியாமல் இருக்கத் தான் விலகி நின்ற நாளும் தரிசன நாளே ஆகும்.