குறையுடையோர் கையில் பெரும்பணி

மாசற்றவர்களால் மட்டுமே நன்மை செய்ய இயலுமா? குறையுடையோரிடம் பெரும்பணி ஒன்றை ஒப்படைத்தல் அறமாகுமா? அரசு, குடும்பம், பள்ளி ஆகிய எவ்விடத்தும் பொறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் நிலையில் உள்ளோர் அனைவரும் என்றேனும் ஒருநாள் இவ்வினாவை எதிர்கொண்டே தீர வேண்டும். எளிதில் விடை கூறிவிடலாம் போல் தோன்றும். ஆழ்ந்து நோக்குங்கால் அவ்வெளிமை மறைந்துவிடும்.

இவ்வினாவை ஒரு சித்திரக்கதை இதழின் வழியாக ஈண்டு ஆராய விழைகின்றேன். சித்திரக்கதையில் அறம் தேடுவது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். எனினும் நம் மாணவர்கள் விரும்பிப் படிப்பவற்றை நாம் படியாமலே தள்ளிவிடுதல் முறையன்று. நெல்லும் பதரும் எங்கும் உண்டு. புடைத்துப் பார்ப்பதே ஆசிரியர் கடன்.

2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் பதிப்பகம் தன் கதைகளைப் புதுக்கி, 52 வரிசைகளை முதல் எண்ணிலிருந்து வெளியிட்டது. அவற்றுள் ஒன்று, அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த ‘ஜஸ்டிஸ் லீக் டார்க்’ என்பதாகும். எழுதியவர் பீட்டர் மில்லிகன். ஓவியம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டவரான மிக்கேல் ஹனீன். மந்திரமும் மாயமும் அறிந்த மாந்தர் பலரை ஒரு குழுவாக்கிக் காட்டுவதே இவ்வரிசையின் நோக்கம்.

முதல் இதழின் கதை இதுவாகும். என்சான்ட்ரஸ் என்னும் சூனியக்காரி சித்தம் பேதலித்துப் போகிறாள். அவளால் உலகம் நிலைகுலைகிறது. அவளை அடக்கச் சூப்பர்மேன், வொண்டர் வுமன், சைபோர்க் ஆகிய மூவரும் செல்கின்றனர். மலையைப் பெயர்க்கும் ஆற்றலுடைய அவர்கள்மீது சூனியக்காரிகளின் பற்கள் சூறாவளியாகச் சுழன்று பாய்கின்றன. மூவரும் தோற்கின்றனர். இத்தோல்வி வலிமைக் குறைவால் நேர்ந்ததன்று. எதிர்த்து நின்ற தீமை வேறு வகையினது. ஆதலின் அவர்தம் வலிமை ஈண்டுப் பொருளற்றதாயிற்று. மந்திரத்தின் முன் சூப்பர்மேனும் காப்பற்றவனே என்பது அக்கதையுலகின் நெடுநாள் மரபு. தன்வலியையும் மாற்றான்வலியையும் எண்ணிப் பார்க்கும் முன்னர், வினையின் தன்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்ற நெறியையும் இத்தோல்வி நினைவூட்டுகிறது.

நல்லோரும் வல்லோரும் தோற்றபின் எஞ்சுவோர் யாவர்? வருவதை முன்னுணரும் மேடம் ஸனாடு என்பவள் அவர்களைத் திரட்ட முனைகிறாள். அவர்களை ஒருவர் பின் ஒருவராகக் காணுங்கால் நம் உள்ளம் தயங்குகிறது. ஜான் கான்ஸ்டன்டைன் வஞ்சகன். தன் சூழ்ச்சிகளுக்கு நண்பர்களையே பலியாக்கியவன் என்ற பழியைச் சுமப்பவன். டெட்மேன் கொலையுண்ட கழைக்கூத்தாடி ஒருவனின் ஆவி. பிறர் உடலுள் அவர்தம் இசைவின்றிப் புகுந்தே எதையும் செய்யவல்லவன். ஷேட் என்பவன் தன் தனிமை தாளாது, தான் அணியும் மாய அங்கியின் ஆற்றலால், தான் இழந்த காதலியின் போலியுருவைப் படைத்துக்கொள்கிறான். மந்திரச் சொற்களைத் தலைகீழாய் உரைக்கும் ஸட்டானாவோ, தன்னோடு வர விரும்பிய பேட்மேனை அவன் நலம் கருதியே மந்திரத்தால் கட்டிப்போட்டுவிட்டுத் தனியே செல்கிறாள்.

உற்று நோக்குக. இவர்கள் அனைவரிடத்தும் ஒரு குறை பொதுவாக உள்ளது. பிறரைத் தம் தேவைக்கேற்பக் கையாளும் குறையே அது. ஒருவன் நண்பரையும், ஒருவன் பிறர் உடலையும், ஒருவன் ஒரு நினைவையும் கருவியாக்குகிறான். ஸட்டானாவின் செயலில் அன்பு இருக்கிறது; எனினும் அவ்வன்பு பிறன் உரிமையைக் கேளாமலே பறிக்கிறது. இத்தகையோரையா உலகைக் காக்க அழைப்பது? அழைப்பவளும் தான் கண்ட எதிர்காலத்தைத் தடுக்க இவர்களைக் கருவியாக்குகிறாள் அன்றோ?

‘காரியம் முடிந்தால் போதும், ஆளின் குணம் எதற்கு?’ என்பார் உளர். இது தீய வாதம். பயன் தருகிறான் என்பதற்காக ஒருவன் குற்றத்தைப் பொறுத்துக்கொண்டால், நாளடைவில் அக்குற்றமே தகுதியாகிவிடும். மறுபுறம், ‘குற்றமற்றவரையே தேர்க’ என்பாரும் உளர். இது கேட்க இனிது, நடைமுறைக்கு ஒவ்வாதது. அரிய நூல்களைக் கற்றுக் குற்றம் அற்றவரிடத்தும், ஆராய்ந்து பார்த்தால், அறியாமை இல்லாமை அரிது என்பதை வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தில் உணர்த்துகிறார். குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து, மிகுதியானதைக் கொண்டு தெளிக என்பதும் அவ்வதிகாரத்தின் அறிவுரையே.

ஆயின் எதனை அளவுகோலாகக் கொண்டு மிகுதியை அறிவது? இவ்விடத்தில்தான் அவ்விதழின் மிகக் கொடிய காட்சி நமக்குத் துணைபுரிகிறது. என்சான்ட்ரஸ் என்பவள் தனித்த பிறவியல்லள். ஜூன் மூன் என்னும் எளிய பெண்ணொருத்தியோடு ஒன்றியிருந்த ஆற்றலே அவள். அவ்விருவரும் பிரிந்துபோனதே பேரழிவின் தொடக்கம். பிரிந்த ஆற்றல் வெறிகொண்டு உலகைச் சிதைக்கிறது. பிரிந்த எளியவளோ பல உருவங்களாகப் பெருகி, நெடுஞ்சாலையில் திசையறியாது நடந்து, விரைந்துவரும் வண்டிகளில் அடிபட்டு மடிகிறாள். எப்பிழையும் செய்யாத அவளே முதற் பலியாகிறாள்.

மனச்சான்றைப் பிரிந்த ஆற்றல் பேயாகிறது. ஆற்றலைப் பிரிந்த நன்மை அனாதையாகிறது. நாம் தேடிய அளவுகோல் இதுவே எனக் கருதுகிறேன். ஒருவனிடம் பணியை ஒப்படைக்குமுன், ‘இவனிடம் குறை உண்டா?’ என்று கேட்பதால் பயனில்லை. விடை எப்போதும் ‘உண்டு’ என்பதேயாம். ‘இவன் ஆற்றலும் மனச்சான்றும் இன்னும் ஓருடலில் வாழ்கின்றனவா?’ என்று கேட்டல் வேண்டும். கான்ஸ்டன்டைனுக்குத் தான் இழந்த நண்பர்களின் நினைவு உறுத்தும் வரையில் அவனிடம் நம்பிக்கை வைக்க இடமுண்டு. அவ்வுறுத்தல் நின்றுவிட்டால் அவனும் மற்றோர் என்சான்ட்ரஸே.

மேலும் ஒன்று கூறுதல் வேண்டும். பணி அளித்தல் வேறு, பிழை பொறுத்தல் வேறு. குறையுடையான் ஒருவன் நற்பணி ஆற்றினான் என்பதால் அவன் முன்செய்த தீங்கு கரைந்துவிடாது. தீங்குற்றவனுக்கு அவன் பட்ட கடன் கடனாகவே நிற்கும். இதனைத் தெளிவாகச் சொல்லிவிட்டே பணியை அளித்தல் நேர்மை.

வகுப்பறைக்கு வருவோம். அடங்காதவன் எனப் பெயரெடுத்த மாணவன் ஒருவனிடம் நூலகத் திறவுகோலைக் கொடுக்கலாமா என்று ஆசிரியர் தயங்குவதுண்டு. திறமைமிக்க மாணவன் பிறரை ஏளனம் செய்யுங்கால் கண்டும் காணாமல் இருப்பதும் உண்டு. முதலாமவன் தன் செயலுக்கு நாணும் உள்ளம் உடையவனாயின் அவனிடம் தயங்காது திறவுகோலைக் கொடுக்கலாம். அஞ்சவேண்டியது, மதிப்பெண் வளர வளர இரக்கம் தேய்ந்துவரும் இரண்டாமவனைக் குறித்தே. ஆற்றலை வளர்க்கும் நம் கல்வி, அதனோடு உடன் வாழவேண்டிய அந்த எளிய உள்ளத்தைச் சாலையில் கைவிட்டுவிடுதல் ஆகாது.

அம்முதல் இதழ் முடியும்போது அக்குழு ஒன்றுகூடியிருக்கவில்லை. வெற்றியும் இல்லை, விடையும் இல்லை. அழைப்பு மட்டுமே எழுந்திருக்கிறது. வாழ்விலும் அறம் பெரும்பாலும் அவ்வாறே நம் வாயிலில் வந்து நிற்கிறது. நாம் மாசற்றவர் ஆகும் நாள்வரை அது காத்திராது. குறையோடுதான் எழவேண்டும், அக்குறை நம் நெஞ்சை உறுத்திக்கொண்டேயிருக்க எழவேண்டும்.